காக்கும் கதவும் வரவேற்கும் கதவும்

மக்கள் ஒருங்குகூடி இறைவனை வழுத்தும் இடமாயினும், நோயாளரைப் பேணும் இடமாயினும், சிறார்க்குக் கல்வி புகட்டும் இடமாயினும், அவ்விடத்திற்குரிய முதல் இலக்கணம் அதன் வாயில் திறந்திருத்தலேயாம். வருவோர் யாவர், எவ்வூரார், எக்குலத்தார் என்று வினாவாது ஏற்றுக்கொள்வது தருமச் சங்கங்களுக்கு இயல்பு. அத்திறந்த வாயிலையே வழியாகக் கொண்டு கொலைஞன் ஒருவன் உட்புகுவானாயின், அச்சங்கத்தார் செய்யற்பாலது யாது? கதவை அடைத்துவிடின் தம் இயல்பை இழப்பர். அடையாது விடின் தம் மக்களை இழப்பர். இருதலைக் கொள்ளியின் இடைப்பட்ட எறும்புபோல் அவர் தவிக்கும் வேளையில், அரசாங்கம் பொதுப்பணத்தைக் கொடுத்து உதவுதல் தகுமோ? தகுமாயின் எம்முறையில் உதவுதல் வேண்டும்? இவ்வினாக்களையே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தனம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2005-ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்ற ஒரு மானியத் திட்டத்தைக் கொள்வாம். ‘இலாப நோக்கற்ற சங்கங்களின் பாதுகாப்பு மானியம்’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

தீங்கின் தன்மை

மருந்தை ஆராயுமுன் நோயை அறிதல் முறையாகலின், அந்நாட்டில் நிகழ்ந்த மூன்று கொடுமைகளை முதற்கண் சுருங்கக் கூறுவாம்.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், விஸ்கான்ஸின் மாகாணத்து ஓக் கிரீக் என்னும் ஊரிலுள்ள சீக்கியர் குருத்துவாரத்தில் அன்றைய பொதுவுணவு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அவ்வுணவு சீக்கியர்க்கு மட்டும் உரியதன்று. பசித்து வருவோர் எவர்க்கும் உரியது. வெள்ளையரே மேலோர் என்னும் வெறிகொண்ட ஒருவன் துப்பாக்கியேந்தி வந்து அறுவரைக் கொன்றான். அன்று படுகாயமுற்ற மற்றொருவர் பல்லாண்டுகள் படுக்கையிற் கிடந்து 2020-ஆம் ஆண்டில் மாண்டார். வெளியே விளையாடிக்கொண்டிருந்த சிறார் இருவர் அவனைக் கண்டு உள்ளே ஓடி எச்சரித்தமையாற் பலர் மறைந்து உயிர் பிழைத்தனர்.

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள் மாலை, தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பின மக்களின் பழம்பெருஞ் சபையாகிய எம்மானுவேல் தேவாலயத்தில் வேதபாட வகுப்பு நடைபெற்றது. முன்பின் அறியாத வெள்ளை இளைஞன் ஒருவன் வந்தான். சபையார் அவனை அன்புடன் தம் நடுவே இருத்தினர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு உடனிருந்தபின், அவர்கள் கண்மூடி ஜெபிக்குங்கால் அவன் சுடத் தொடங்கினான். போதகர் உட்பட ஒன்பதின்மர் உயிர் துறந்தனர்.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ஆம் நாள், யூதர்க்கு ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில், பிட்ஸ்பர்க் நகரத்து ‘ஜீவ விருட்சம்’ என்னும் பெயர்கொண்ட ஜெப ஆலயத்தில் பதினொருவர் கொல்லப்பட்டனர். அக்கட்டிடத்தில் மூன்று யூத சபைகள் வழிபட்டு வந்தன. மூன்றும் தத்தம் மக்களை இழந்தன.

இம்மூன்றையும் ஒப்புநோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். சமயங்கள் வேறு, ஊர்கள் வேறு, இறந்தோர் வேறு. கொலைஞர் அவ்விடங்களைத் தேர்ந்துகொண்ட காரணமோ ஒன்றே. கள்வன் பொருளை நாடி வருவான். பொருளைப் பெட்டியிலிட்டுப் பூட்டினால் அவன் முயற்சி வீணாகும். இக்கொலைஞர் நாடியது பொருளன்று. அங்குக் கூடிய மக்களின் இனத்தையும் சமயத்தையுமே அவர்கள் பகைத்தனர். ஆதலின் ஓரிடத்துச் சிந்திய குருதி, அவ்வினத்தார் அச்சமயத்தார் அனைவரையும் நாடெங்கும் நடுங்கச் செய்தது. ஒருவர் வீட்டில் நேர்ந்த களவு அவர்க்கே இழப்பு. பலரை அச்சுறுத்தற்பொருட்டுச் சிலரைக் கொல்லுதலோ குடிகள் அனைவர்க்கும் இழைத்த தீங்கு. அரசாங்கம் இதிற் றலையிடுதற்கு அடிப்படை இதுவே என்க.

மானியத்தின் வரலாறு

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க்கு, வாஷிங்டன் முதலிய இடங்களில் நேர்ந்த பெருந்தாக்குதலுக்குப் பின்னர், உள்நாட்டுப் பாதுகாப்புக்கெனப் புதிய இலாகா ஒன்று அந்நாட்டில் நிறுவப்பட்டு 2003-ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கிற்று. புயல், வெள்ளம், தீ முதலிய பேரிடர்க் காலங்களில் உதவுதற்கென 1979-ஆம் ஆண்டில் அமைந்த நிருவாகமும், ‘ஃபீமா’ எனச் சுருங்க வழங்கப்பெறுவது, அவ்விலாகாவின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நாம் கூறும் மானியத்தை நடத்தும் பொறுப்பு இந்த ஃபீமாவைச் சார்ந்தது.

2005-ஆம் நிதியாண்டில் இதற்கென ஒதுக்கிய தொகை இரண்டரைக் கோடி டாலர். தொடக்கத்தில் அபாயம் மிக்கனவாகக் குறிக்கப்பட்ட பெருநகர்ப் பகுதிகளுக்கே இப்பணம் உரியதாயிருந்தது. வெறுப்போ நகர எல்லை கண்டு நிற்பதன்று. ஆகவே 2018-ஆம் நிதியாண்டில் ஒதுக்கிய 6 கோடி டாலரில் 1 கோடி, அப்பகுதிகளுக்குப் புறம்பான ஊர்களுக்கென முதன்முறையாகப் பிரித்து வைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் கையொப்பமான தனிச்சட்டம் ஒன்று, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் தயவை நோக்கி நின்ற இம்மானியத்திற்குச் சட்டத்தில் நிலையான இடம் அளித்தது. தொகையும் ஏறிற்று: 2020-இல் 9 கோடி, 2021-இல் 18 கோடி, 2022-இல் 25 கோடி, 2023-இல் 30.5 கோடி டாலர். தொகை ஏறியதைக் கண்டு மகிழ்தற்கில்லை. நாட்டில் அச்சம் ஏறியதற்கு அஃதோர் அளவுகோலாகும்.

பணம் செல்லும் வழி

ஒரு சபையார் இம்மானியத்தைப் பெறும் முறையைப் படிப்படியாக நோக்குவாம்.

முதலாவது, அச்சங்கம் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) என்னும் பிரிவிற் கூறப்பட்ட தருமச் சங்க வகையைச் சேர்ந்ததாதல் வேண்டும். தேவாலயம், ஜெப ஆலயம், பள்ளிவாசல், குருத்துவாரம், இந்துக் கோயில், பள்ளிக்கூடம், மருத்துவமனை முதலியன பலவும் இதில் அடங்கும்.

இரண்டாவது, தம் கட்டிடத்திற்குள்ள அபாயங்களையும் அதன் பலவீனமான இடங்களையும் தக்காரைக் கொண்டு ஆராய்ந்து அறிக்கை ஆயத்தம் செய்தல் வேண்டும். எவ்வாயிற் பூட்டு பழுதுற்றது, எப்பக்கம் இருள் சூழ்ந்தது, தெருவிலிருந்து வண்டி நேரே மோதக்கூடிய இடம் எது என்பன அதிற் குறிக்கப்படும்.

மூன்றாவது, அக்குறைகளை நீக்க வேண்டும் பொருள்களையும் அவற்றின் விலையையும் விண்ணப்பத்தில் விளக்குதல் வேண்டும். வேலி, உறுதியான கதவு, உடையாத கண்ணாடி, விளக்கு, கண்காணிப்புக் காமிரா, வண்டிகளைத் தடுக்கும் குறுந்தூண் ஆகியவற்றிற்குப் பணம் கிடைக்கும். கூலிக்கு அமர்த்தும் காவலர்க்கும், பயிற்சிக்கும், ஒத்திகைக்கும் கிடைக்கும். 2023-ஆம் நிதியாண்டின் விதிப்படி ஓரிடத்திற்கு மிகுதியாகப் பெறத்தக்கது 1,50,000 டாலர்.

நான்காவது, சங்கத்தார் விண்ணப்பத்தை நேரே ஃபீமாவுக்கு விடுத்தலாகாது. அந்தந்த மாகாணத்தில் இதற்கென அமைந்த அலுவலகத்திற்கு விடுத்தல் வேண்டும். அவ்வலுவலகம் அவற்றைச் சீர்தூக்கி மதிப்பெண் இட்டு மேலே அனுப்பும். 2023-ஆம் ஆண்டை ஒட்டிய விதிகளின்படி, சமயம் முதலிய கொள்கை சார்ந்த சங்கங்களின் மதிப்பெண் மூன்றாற் பெருக்கப்பட்டது; சமயஞ்சாராக் கல்வி, மருத்துவ நிலையங்களின் மதிப்பெண் இரண்டாற் பெருக்கப்பட்டது; ஏனையவற்றுக்குப் பெருக்கம் இல்லை. தாக்குதல் மிகுதியும் எவர்மேற் பாயும் என்னும் கணக்கே இதற்குக் காரணம்.

ஐந்தாவது, மானியம் மஞ்சூரான பின்னும் பணம் உடனே கைக்கு வந்துவிடாது. நிலத்தைத் தோண்டுதற்கும் பழங்கட்டிடத்தை மாற்றுதற்கும் முன்னர், சுற்றுச்சூழலுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் கேடு நேராதென்னும் அனுமதி பெறுதல் வேண்டும். அதன்பின் சங்கத்தார் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பற்றுச்சீட்டுகளைக் காட்டினால், செலவிட்ட தொகை திருப்பிக் கொடுக்கப்படும்.

சமயமும் அரசும்

சமயச் சங்கங்களுக்குப் பொதுப்பணத்தை அளித்தல் முறையோ என்னும் தடை இங்கே எழும். அமெரிக்க அரசியற் சட்டத்திற்கு 1791-ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், சமயத்தை நிலைநாட்டுவதற்குக் காங்கிரஸ் சட்டமியற்றலாகாது என்று விலக்குகிறது. அங்ஙனமாக, ஓர் ஆலயத்தின் கதவுக்கு அரசாங்கம் விலை கொடுத்தல் எவ்வாறு பொருந்தும்?

இதற்கு விடை காண்பார்க்கு 1947-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த எவர்சன் வழக்குத் துணையாகும். நியூஜெர்சி மாகாணத்தில், சமயச் சார்பான பள்ளிகளுக்குச் சென்ற பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தையும் பொதுப்பணத்திலிருந்து பெற்றோர்க்குத் திருப்பிக் கொடுத்தது முறையோ என்பது அவ்வழக்கு. நீதிபதிகளுள் ஐவர் முறையென்றும் நால்வர் அன்றென்றும் கூறினர். முறையென்ற தீர்ப்பில், காவலரின் பாதுகாப்பும் தீயணைப்போர் உதவியும் சமயப் பள்ளிகளுக்கும் கிடைத்தலைப் போன்றதே இவ்வுதவி என்னும் கருத்து இடம்பெற்றது. ஆலயம் தீப்பற்றி எரியுங்கால் தீயணைக்கும் வண்டி வாயிலில் நின்று ‘இஃது எச்சமயத்தாரது?’ என்று வினாவுவதில்லை. அது அணைப்பது நெருப்பை, வளர்ப்பது சமயத்தையன்று. அங்ஙனமே பாதுகாப்பு மானியமும் உயிரைக் குறித்துக் கொடுக்கப்படின், எல்லாச் சமயத்தார்க்கும் ஒரே அளவுகோலாற் கொடுக்கப்படின், அதனை முறைகேடென்று தள்ளுதற்கு இடமில்லை என்பது நம் கருத்து. அவ்வளவுகோல் ஒருவர்க்கு நீண்டும் ஒருவர்க்குக் குறுகியும் போமாயின், அன்றே அதன் நியாயம் கெடும்.

காவலரே போதாரோ என்பாரும் உளர். நாட்டிலுள்ள ஒவ்வோர் ஆலயத்தின் வாயிலிலும் எந்நாளும் காவலரை நிறுத்துதல் எவ்வரசுக்கும் இயலாது. அன்றியும், எல்லாரும் காவலரைக் கண்டு ஆறுதல் பெறுவார் என்று கருதுதலும் தவறு. 2001-க்குப் பின்னர் நியூயார்க்கு நகரக் காவல்துறையார் பள்ளிவாசல்களை மறைவாக வேவு பார்த்து வந்தமை 2011-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. தம்மைக் காக்க வேண்டிய கையே தம்மை ஐயுற்றதைக் கண்டோர், அக்கை நீட்டும் பணத்தை ஏற்கவும் தயங்குவர். ஆகலின் மானியத்தை நடத்துவோர் பணத்தோடு நம்பிக்கையையும் ஈட்டுதல் இன்றியமையாதது.

திட்டத்தின் குறைகள்

இத்திட்டத்தின் நன்மையைக் கூறிய நாம் அதன் குறைகளையும் மறைத்தலாகாது.

முதற்குறை, தொகை போதாமை. 2023-ஆம் ஆண்டில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுட் பாதிக்கும் குறைவானவையே ஏற்கப்பட்டன.

இரண்டாங்குறை இதனினும் ஆழமானது. பணத்தை முன்னே செலவிட்டுப் பின்னே பெறுக என்னும் விதி, கையிற் பணமுள்ளார்க்கு எளிது, இல்லார்க்கு அரிது. ஒரு சிறு சபையைக் கற்பனை செய்வோம். அதன் உறுப்பினர் அறுபது குடும்பத்தார். அனைவரும் கூலித் தொழிலாளர். வேலிக்கும் கதவுக்கும் 50,000 டாலர் மஞ்சூராயிற்று என்க. அவர்கள் அத்தொகையை முதலிற் கடன் வாங்குதல் வேண்டும். வட்டி கட்டுதல் வேண்டும். பற்றுச்சீட்டை அனுப்பி மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். அறிக்கை எழுதவும் விண்ணப்பம் வரையவும் பழகிய எழுத்தர் அவர்களிடம் இல்லை. பெருஞ்சபைக்கோ வழக்கறிஞரும் கணக்கரும் உறுப்பினராக இருப்பர். ஆகவே அபாயம் ஒத்ததாயினும் மானியம் ஒத்துச் செல்லாது. இதனை உணர்ந்தே, முன்னர் ஒருமுறையும் மானியம் பெறாதார்க்கு மிகுதி மதிப்பெண் அளிக்கும் விதி பின்னாளிற் சேர்க்கப்பட்டது. மதிப்பெண் கூடினும் முன்பணம் வேண்டுமென்னும் இடர் அதனால் நீங்கவில்லை.

மூன்றாங்குறை, அரசியற் காற்றுக்கேற்ப அசைதல். 2025-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஃபீமாவின் மானியங்கள் பல மறு ஆய்வுக்கென்று நிறுத்தி வைக்கப்பட்டபோது, இம்மானியமும் அத்தடைக்குள் அகப்பட்டது. திருப்பிக் கிடைக்குமென நம்பிக் கைப்பணத்தைச் செலவிட்ட சங்கத்தாரின் மனநிலை எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கதவாற் கூடுவதும் கூடாததும்

இனி, பணத்தால் வாங்கத்தக்க பாதுகாப்பு எவ்வளவு பயன்படும் என்பதனை இரு நிகழ்ச்சிகளால் தெளிவாம். ஒன்று ஜெர்மனியில் நிகழ்ந்தது. அஃது இம்மானியத்திற்குப் புறம்பானதாயினும் கதவின் வலிமையை அளந்தறிய உதவும். மற்றொன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ஆம் நாள், யூதர்க்கு மிகப் புனிதமான பாவநிவாரண நாளில், ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஜெப ஆலயத்தினுள் ஏறக்குறைய ஐம்பதின்மர் வழிபட்டுக்கொண்டிருந்தனர். வாயிலில் அன்று காவலர் நிறுத்தப்பட்டிருக்கவில்லை. ஒருவன் வந்து பூட்டிய மரக்கதவைச் சுட்டான், வெடிகளும் எறிந்தான், கதவு அசையவில்லை. உள்ளிருந்தார் அனைவரும் பிழைத்தனர். கதவின் பயனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. ஆயின் அதே நிகழ்ச்சி கதவின் எல்லையையும் காட்டிற்று. உட்புக இயலாத கொலைஞன், தெருவிற் சென்ற ஒரு பெண்ணையும், அருகிருந்த உணவுக்கடையில் ஓர் ஆடவனையும் கொன்றான். கதவு தன் உட்புறத்தைக் காக்கும். தெருவைக் காக்க அதனால் ஆகாது.

2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் நாள் சனிக்கிழமை காலை, டெக்ஸாஸ் மாகாணத்துக் கோலிவில் என்னும் ஊரின் ஜெப ஆலயத்திற்கு அயலான் ஒருவன் வந்தான். குளிருக்கு ஒதுங்க வந்தவன் எனக் கருதி, ஆலயத்து ரபியாகிய சார்லி சைட்ரன்-வாக்கர் அவனை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். வழிபாட்டின் நடுவே அவன் துப்பாக்கியை நீட்டி, ரபியையும் வேறு மூவரையும் பிணையாகப் பிடித்தான். ஒருவர் மாலையில் விடுவிக்கப்பட்டார். ஏனையோர் பத்து மணி நேரத்துக்கு மேலாக அவன் பிடியிலிருந்தனர். இறுதியில், தக்க தருணம் நோக்கி ரபி ஒரு நாற்காலியை அவன்மேல் எறிய, அவரும் மற்றிருவரும் வாயிலை நோக்கி ஓடித் தப்பினர். பிணையாளருள் ஒருவரும் இறக்கவில்லை. தாம் முன்னர்ப் பெற்றிருந்த பாதுகாப்புப் பயிற்சியே தம்மைக் காத்ததென்று அவர் பின்னர்க் கூறினார். அவ்வாண்டிலேயே காங்கிரஸின் குழு முன் தோன்றி, இம்மானியத்தைப் பெருக்க வேண்டுமென்றும் எடுத்துரைத்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. அயலானை உள்ளே விட்டதும் அவரே. தப்பும் வழியைக் கண்டதும் அவரே. தேநீர் கொடுத்தமை பிழையாகுமோ? அன்று. குளிரில் நின்றவனுக்குத் தேநீர் கொடாத ஆலயம் ஆலயமாகாது. வரவேற்கும் பண்பும் விழிப்புடைமையும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்கலாம் என்பதனை அவர் செய்கை நமக்குக் காட்டுகிறது. கதவு, விளக்கு, காமிரா என்பன ஒருமுறை வாங்கப்படுவன. பயிற்சியோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. புதியவர் சபையிற் சேருந்தொறும் கற்பிக்கப்பட வேண்டுவது. ஓக் கிரீக்கில் எச்சரித்தவர் விழிப்புடைய சிறார் இருவரே என்பதனையும் நினைவுகூர்க.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவாற்றால் நாம் கொண்ட முடிபு இது. தருமச் சங்கங்களின் பாதுகாப்புக்குப் பொதுப்பணம் உதவுதல் தக்கதே. ஆயினும் அவ்வுதவியை மூன்று கேள்விகளால் அளந்தறிதல் வேண்டும். எல்லாச் சமயத்தார்க்கும் சமயமில்லாச் சங்கத்தார்க்கும் உயிரின் அபாயம் ஒன்றையே நோக்கி அது வழங்கப்படுகிறதா? விண்ணப்பம் எழுதத் தெரியாத, முன்பணம் இல்லாத எளியார்க்கும் அது சென்று சேர்கிறதா? பணம் செலவான பின்னர், அவ்விடத்தின் வாயில் அயலானுக்குத் திறக்கிறதா? முதலிரண்டிற்கும் விடையளித்தல் அரசாங்கத்தின் கடமை. மூன்றாவதற்கு விடையளிக்க அரசாங்கத்தால் ஆகாது. அது சங்கத்தாரின் கையிலேயே உள்ளது.

நம் மாணாக்கருட் பலர் இக்கல்லூரியை விட்டகன்றபின் பள்ளிகளையும், மருத்துவமனைகளையும், வழிபாட்டிடங்களையும் நடத்தும் பொறுப்பை ஏற்பர். பழைய மாணாக்கர் பலர் அப்பொறுப்பை ஏற்றும் உள்ளனர். அவரவர் இடத்தில் வெளிவாயில்கள் எத்தனை, அவற்றின் திறவுகோல் யாரிடம் உள்ளது, இடர் நேருங்கால் சிறாரும் முதியோரும் எவ்வழியே வெளியேறுவர் என்பவற்றை அறிந்து வைத்தலுக்கு எம்மானியமும் வேண்டுவதில்லை. அதனை அறிந்துகொண்ட ஒருவர் வாயிலில் நின்று, வருவோரை முகமலர்ந்து வரவேற்பாராயின், அவ்விடத்துக் காவலிற் பெரும்பகுதி அவர் வாயிலாகவே அமைந்துவிடும்.